வேலையை விட்டுவிட்டு எம்.எஃப்.ஏ. படிக்கலாமா?

கேள்வி: வணக்கம். எனக்கு 25 வயது. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) ஓவியம் முடித்தேன். மூன்று வருடமாகக் கிண்டியில் ஒரு கேம் நிறுவனத்தில் கான்செப்ட் ஆர்ட்டிஸ்டாக (கேமின் காட்சிகளையும் பாத்திரங்களையும் முதலில் வரைந்து கொடுக்கும் வேலை) இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் 38,000 ரூபாய் வருகிறது. ஆத்தூரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதம் 10,000 அனுப்புகிறேன். வேலை மோசமில்லை. ஆனால் எனக்கென்று ஒரு படம்கூட வரையவில்லை என்ற எண்ணம் ஒரு வருடமாக அரித்துக்கொண்டே இருக்கிறது. எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) சேரலாம் என்று ஆசை. பரோடா, சாந்திநிகேதன், ஹைதராபாத் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சென்னையிலேயே மறுபடி சேர்ந்தால் என்ன, வெளிநாடு போனால் என்ன என்றும் தோன்றுகிறது. ஆங்கிலம் தடுமாற்றம்தான். "இதைப் படிச்சு முடிச்சா என்ன வேலை?" என்று அம்மா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த வயதில் திரும்பப் படிக்கப் போவது சரியா? என் படங்கள் சிலவற்றை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் அனுப்பிய ஏழு படங்களையும் பார்த்துவிட்டு, கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். ஐந்து படங்கள் கணினியில் செய்தவை. பாழடைந்த கோட்டை, கவசம் போட்ட வீரன், மூடுபனிக்குள் நிற்கும் காடு. கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறாவது, பாட்டியின் ஆயில் போர்ட்ரெய்ட். கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் செய்தது என்கிறீர்கள், நன்றாகவே வந்திருக்கிறது. ஏழாவது படத்தின் கீழே "ரயிலில் சும்மா வரைந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் அச்சடித்துத் தூக்கிப் போட்ட தாளின் பின்பக்கம், நீல பால்பாயின்ட் பேனா. தாம்பரம் – கடற்கரை மின்ரயிலில் தூங்குகிறவர்கள். ஒரு பெண்மணி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, தோள் தொய்ந்து கிடக்கிறது. மடியிலிருக்கும் டிபன் பையைப் பிடித்த விரல்கள் மட்டும் இறுகியிருக்கின்றன. முகத்துக்கு நாலு கோடு போட்டுவிட்டு, அந்த விரல்களின் மேல் பேனாவைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறீர்கள். அழுத்தத்தில் தாள் அந்த இடத்தில் கொஞ்சம் மேடு தட்டியிருக்கிறது. தூங்குகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறார்கள் என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். இன்னொருவர் போனை, இன்னொரு பெரியவர் மடித்த குடையை. யாரும் உங்களை அதைப் பார்க்கச் சொல்லவில்லை. இப்படி வரை என்ற பிரீஃப் இல்லை, டெட்லைன் இல்லை. நீங்களாகப் பார்த்தது.

முதுகலைப் படிப்பு இதற்காகத்தான் இருக்கிறது. நீங்களாகப் பார்த்த ஒன்றை, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாமலே, இரண்டு வருடம் விடாமல் பின்தொடர்வதற்கு. பி.எஃப்.ஏ.வில் கை பழகுகிறது. ஸ்டில் லைஃப், லைஃப் ஸ்டடி, காம்போசிஷன் என்று பயிற்சிகளைக் கொடுப்பார்கள், செய்து காட்டுவீர்கள், மார்க் போடுவார்கள். எம்.எஃப்.ஏ.வில் பயிற்சியை யாரும் கொடுக்க மாட்டார்கள். ஒரு ஸ்டுடியோவில் உங்களுக்கென்று ஒரு சுவரும் கொஞ்சம் தரையும் கிடைக்கும். அடுத்து என்ன என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நன்றாக வரையத் தெரிந்த பலர் முதல் செமஸ்டரில் திணறிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அதுவரை யாரோ கேட்டதைச் செய்து கொடுத்தே பழகிய கை, கேட்க ஆளில்லாதபோது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். மூன்று வருடம் ஸ்டுடியோ வேலை பார்த்த உங்களுக்கு இந்தத் திணறல் கூடுதலாகவே இருக்கும். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். அது வந்தால் பயந்து ஓடிவிடாதீர்கள்.

படிப்பு எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் முடிவெடுக்க எளிதாக இருக்கும். பெரும்பாலான இடங்களில் நான்கு செமஸ்டர். பகல் முழுக்க ஸ்டுடியோ. கூடவே கலை வரலாறு, அழகியல் தாள்கள். கடைசி வருடத்தில் ஓர் ஆய்வேடு. செமஸ்டர் முடிவில் ஜூரி. நீங்கள் செய்ததையெல்லாம் சுவரில் மாட்டி வைப்பீர்கள். ஆசிரியர்கள் நாலைந்து பேர், சில நேரம் வெளியிலிருந்து வந்த ஓவியர் ஒருவர், எதிரே நின்று கேட்பார்கள். "ஏன் பால்பாயின்ட்? ஏன் இந்த அளவு? ஆறடிக்கு ஆறடி வரைந்தால் என்ன ஆகும்? தூங்குகிறவரை அவருக்குத் தெரியாமல் வரைகிறீர்களே, அது சரியா?" இந்தக் கடைசிக் கேள்வி உங்களுக்குக் கட்டாயம் வரும். இப்போதே யோசித்து வையுங்கள். பதிலை மனப்பாடம் செய்ய வேண்டாம், அந்தக் கேள்வியோடு கொஞ்ச நாள் இருந்து பாருங்கள். ஜூரியில் சிலர் கடுமையாகப் பேசுவார்கள். வெளியே வந்து அழுதவர்களை எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் படத்தை இவ்வளவு நேரம் இவ்வளவு பேர் உற்றுப் பார்த்துப் பேசுகிற வாய்ப்பு படித்து முடித்த பிறகு வாழ்க்கையில் அதிகம் கிடைக்காது.

இந்தப் படிப்பு தேவைப்படாதவர்களும் இருக்கிறார்கள். இப்போதைய துறையிலேயே ஆர்ட் டைரக்டராக உயர வேண்டும், சம்பளம் கூட வேண்டும் என்பது நோக்கமானால் எம்.எஃப்.ஏ. அதற்கான வழி இல்லை. அதற்கு எம்.டெஸ். (வடிவமைப்பு முதுகலை) இருக்கிறது. ஐஐடிகளின் வடிவமைப்புத் துறைகளுக்கு ‘சீட்’ (CEED) என்ற நுழைவுத் தேர்வு, என்ஐடிக்கு (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) அவர்களே நடத்தும் தேர்வு. ஓவியங்களைப் பற்றி எழுதவும் ஆராயவும்தான் ஆசை என்றால் பரோடாவில் கலை வரலாற்றில் முதுகலை உண்டு, டெல்லி ஜேஎன்யுவில் கலை, அழகியல் முதுகலை உண்டு. உங்கள் கடிதத்தில் "எனக்கென்று ஒரு படம்கூட" என்று இருக்கிறது. அதனால் இந்த இரண்டும் உங்களுக்கானவை அல்ல என்று எடுத்துக்கொள்கிறேன்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் படித்த கல்லூரியின் முதல்வராக இருந்தபோதே 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, ஏறக்குறைய உங்கள் வயதில்தான் அதே கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, அதன் பிறகுதான் 1944இல் சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலா பவனத்துக்குப் போனார். பூபேன் கக்கர் பம்பாயில் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். 1962இல் பரோடாவுக்கு வந்து கலை விமர்சனம் படித்தார். ஓவியராகப் பெயர் வாங்கிய பிறகும் பல வருடம் பகுதிநேரக் கணக்கு வேலையை விடவில்லை. இவர்களைப் போல ஆவீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள் இந்தத் துறையில் எப்போதும் இருந்திருக்கிறார்கள் என்பதற்காகத்தான். என் அனுபவத்தில், நேராக பி.எஃப்.ஏ.விலிருந்து வருகிறவர்களைவிட, இரண்டு மூன்று வருடம் வெளியே சம்பாதித்துவிட்டு வருகிறவர்கள் நேரத்தின் அருமை தெரிந்து வேலை செய்கிறார்கள்.

இனி, எங்கே சேர்வது? சென்னையையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளி அது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பணிக்கர், தனபால் என்று வந்த வரிசை சாதாரணமானது அல்ல. அங்கே முதுகலையும் இருக்கிறது, செலவும் குறைவு. ஆனாலும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். காரணம் கல்லூரியில் இல்லை. நான்கு வருடம் அதே வராந்தாவில் நடந்திருக்கிறீர்கள். உங்கள் ஆசிரியர்களுக்கு உங்கள் கையை நன்றாகத் தெரியும். நீங்கள் என்ன செய்தாலும் அந்தப் பழைய மாணவியைத்தான் அவர்கள் பார்ப்பார்கள், நீங்களும் அவர்களுக்குப் பிடித்ததைத் தெரியாமலே செய்வீர்கள். இளங்கலை படித்த இடத்திலேயே முதுகலை வேண்டாம் என்பது நான் யாருக்கும் சொல்கிற யோசனை. பரோடாவில் பி.எஃப்.ஏ. முடித்தவர் கேட்டாலும் வேறு ஊருக்குப் போகத்தான் சொல்வேன்.

உங்கள் ரயில் படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பரோடாதான். அங்குள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950இல் தொடங்கியது. பேந்த்ரே, சங்கோ சௌத்ரி முதல் தலைமுறை ஆசிரியர்கள். கே.ஜி. சுப்ரமணியன் அங்கே 1951 முதல் சுமார் முப்பது வருடம் கற்பித்தார். மனிதர்களை, தெருவை, வீட்டு அறையை, அன்றாடத்தைக் கதையாகச் சொல்லும் ஓவிய மரபு அங்கே பலமாக வளர்ந்தது. குலாம் முகமது ஷேக்கையும் கக்கரையும் தேடிப் பாருங்கள். கக்கர் தையல்காரரை, கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரை எப்படி வரைந்தார் என்று பாருங்கள். ஓவியத் துறையும் கலை வரலாற்றுத் துறையும் ஒரே வளாகத்தில் இருப்பது அங்கே பெரிய வசதி. உங்கள் படத்தைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் பக்கத்து அறையில் இருப்பார்கள், டீக்கடையில் சண்டை போடுவார்கள். பட்டத்தின் பெயர் அங்கே எம்.வி.ஏ. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இதுவும் அதே முதுகலைதான். ஆண்டு இறுதியில் நடக்கும் மாணவர் கண்காட்சியான டிஸ்பிளேயைப் பார்க்க வெளியூரிலிருந்து கேலரிக்காரர்களும் ஓவியர்களும் வருவார்கள்.

சாந்திநிகேதன் வேறு உலகம். 1919இல் தொடங்கிய கலா பவனம். நந்தலால் போஸ், பினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் வேலை செய்த இடத்திலேயே நீங்களும் வேலை செய்வீர்கள். ராம்கிங்கர் சிமென்டும் செம்மண் சரளையும் குழைத்து 1938இல் செய்த ‘சந்தால் குடும்பம்’ என்ற சிற்பம் வெட்டவெளியில் நிற்கிறது. வகுப்புக்குப் போகும் வழியில் தினம் அதைக் கடந்து போகலாம். புகழ்பெற்ற சிற்பம் ஒன்றை மழையிலும் வெயிலிலும் பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் இருப்பது எந்தப் பாடத்திலும் கிடைக்காது. பதிப்போவியத்தில் (பிரின்ட் மேக்கிங்) உங்களுக்கு ஆர்வம் இருந்தால் அங்கே இன்னும் நல்லது, சோம்நாத் ஹோர் கற்பித்த இடம் அது. உங்கள் பேனாக் கோட்டைப் பார்த்தால், செம்புத் தகட்டில் கீறி அச்செடுக்கும் எச்சிங் முறையின் ஊசியைக் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அழுத்திக் கீறும் பழக்கம் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. ஓவியப் பிரிவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். எந்தப் பிரிவில் இளங்கலை முடித்தவர்களை எந்தப் பிரிவில் எடுப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு பள்ளியில் ஓவியம், நாடகம், நடனம், ஊடகம் எல்லாம் ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. லக்ஷ்மா கௌட் கற்பித்த இடம். ஊருக்கு ஒரு இரவு ரயில் தூரம் என்பது உங்கள் வீட்டுச் சூழலில் சின்ன விஷயமல்ல. தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஆனால் கட்டணம் லட்சங்களில். உதவித்தொகை கையில் வராமல் அங்கே கால் வைக்காதீர்கள்.

வெளிநாடு இப்போது வேண்டாம். கடன் வாங்கி லண்டனில் ஒரு வருடம் எம்.ஏ. படித்துவிட்டு, அந்தக் கடனை அடைக்க மறுபடி கேம் நிறுவனத்துக்கே திரும்பியவர்கள் உண்டு. ஜெர்மனியில் அரசுக் கல்விக்கூடங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் மொழி வேண்டும், தங்கும் செலவு வேண்டும். இங்கே முதுகலை முடித்து, உங்கள் வேலை ஒரு வடிவத்துக்கு வந்த பிறகு ரெசிடென்சி (கலைஞர்கள் போய்த் தங்கி வேலை செய்யும் திட்டம்) மூலம் போவது நல்லது.

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது விண்ணப்பத்தோடு அனுப்பும் படத் தொகுப்புக்கு, வருகிறேன். இந்த ஏழு படங்களை இப்படியே அனுப்பினால் இடம் கிடைக்காது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டையும் கவசமும் உங்கள் திறமையைக் காட்டுகின்றன, உங்களைக் காட்டவில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிறுவனத்துக்காக வரைந்த படங்கள் பெரும்பாலும் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெளியிடாத கேமின் படம் ஒன்று விண்ணப்பத்தில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்றிலிருந்து ஆறு மாதம் ரயிலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தினம் போகிற வழிதானே. பால்பாயின்டையே வைத்துக்கொள்ளுங்கள், தாளை மாற்றிப் பாருங்கள். அலுவலகத்தில் அச்சடித்துத் தூக்கிப் போட்ட அந்தத் தாளையே தேடி எடுத்து அச்சுப் பக்கத்திலும் வரைந்து பாருங்கள். ஒரே ஆளின் கையை மட்டும் நாற்பது முறை வரையுங்கள். ஒரு கையை ஆளுயரத்துக்குப் பெரிதாக்குங்கள். தூக்கம் இல்லாத ரயிலை, அதாவது முதல் வண்டியில் ஆளில்லாத பெட்டியைப் பாருங்கள். இப்படிப் போனால் ஐம்பது அறுபது சேரும். அதிலிருந்து 15 முதல் 20. பாட்டியின் போர்ட்ரெய்ட்டையும் சேர்க்கலாம், ஆயில் உங்களுக்குப் பிடிபடும் என்று அது சொல்லும். கணினிப் படம் ஒன்று இருந்தால் போதும். தேர்வு செய்பவர்கள் பார்ப்பது படங்களுக்கிடையில் ஓடுகிற இழையை. மூன்றாவது படத்தில் கேட்ட ஒன்றுக்கு ஏழாவது படம் பதில் சொல்கிறதா, புதிதாக ஒன்றைக் கேட்கிறதா என்பதை.

இங்கே ஒரு எச்சரிக்கை. "என் ஊர், என் பாட்டி, என் அப்பாவின் கடை" என்று பலரும் கொண்டுவருகிறார்கள். தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவர்களுக்கு அது சலித்துவிட்டது. சொந்த வாழ்க்கையை வரைவதில் தவறே இல்லை, ஆனால் உருக்கம் படத்தின் வேலையைச் செய்துவிடாது. உங்கள் ரயில் படத்தில் உருக்கம் துளியும் இல்லை, கவனிப்பு மட்டும்தான் இருக்கிறது. அதை அப்படியே காப்பாற்றுங்கள்.

படங்களைப் போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். காலை ஒன்பது மணி வாக்கில், நேர் வெயில் படாத மாடி நிழலில், சுவரில் ஒட்டி, கேமராவைப் படத்தின் நடுவுக்கு நேராக வைத்து எடுங்கள். சாய்த்து எடுத்தால் சதுரம் கோணலாகிவிடும். தலைப்பு, ஊடகம், சென்டிமீட்டரில் அளவு, ஆண்டு நான்கையும் ஒவ்வொன்றின் கீழும் போடுங்கள். இணையத்தில் அனுப்பினாலும் நேர்காணலுக்கு அசல் ஸ்கெட்ச்புக்கைக் கையோடு கொண்டுபோங்கள். நல்ல ஆசிரியர்கள் பிரேம் போட்ட படத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்கெட்ச்புக்கைத்தான் முதலில் கேட்பார்கள்.

"கடைசியாக எந்தக் கண்காட்சியைப் பார்த்தாய்?" என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி, சோழமண்டலத்தின் அருங்காட்சியகம், எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிகள், அமராவதிச் சிற்பங்கள் எல்லாம் உங்கள் ஊரில்தான் இருக்கின்றன. மாதம் ஒரு ஞாயிறாவது போங்கள். அமராவதிப் பலகைகளில் எத்தனை கைகள் எத்தனை விதமாகப் பிடிக்கின்றன, தாங்குகின்றன என்று எண்ணிப் பார்த்து வரைந்து வாருங்கள். உங்கள் ரயில் கைகளுக்கு ஈராயிரம் வருடத்துச் சொந்தங்கள் அங்கே நிற்கிறார்கள்.

ஆங்கிலம் உங்களைத் தடுக்காது. ஆய்வேடும் ஸ்டேட்மென்டும் (உங்கள் படங்களைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்பு) ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், உண்மை. ஆனால் முதலில் தமிழில் எழுதுங்கள். "மனித உணர்வுகளின் ஆழத்தை என் தூரிகை தேடுகிறது" என்றெல்லாம் வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். "மின்ரயிலில் தூங்குகிறவர்களை ஆறு மாதமாக வரைகிறேன். தூங்கும்போதும் அவர்கள் கை தளர்வதில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள வரைகிறேன். பால்பாயின்டில் அழிக்க முடியாது, ரயிலும் நிற்காது, அதனால் அது பொருந்துகிறது." இது போதும். இதை எளிய ஆங்கிலத்தில் போட நண்பர் ஒருவரின் உதவி போதுமானது. சேர்ந்த பிறகு, முதல் செமஸ்டர் தாள்கள் கடினமாகத்தான் இருக்கும். வாரம் பத்துப் பக்கம் கலை வரலாறு படிக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கினால் சமாளிக்கலாம். பரோடாவிலும், சாந்திநிகேதன் இருக்கும் போல்பூரிலும் டீக்கடைக்கு ஆங்கிலம் உதவாது. குஜராத்தியோ வங்காளமோ ஆறு மாதத்தில் காதில் ஏறிவிடும்.

அடுத்து பணம். அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள். மத்திய, மாநிலப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் உங்களுக்குப் பாரமாக இருக்காது. பொருள் செலவுதான் இழுக்கும். ஆயில் குழாய்கள், கேன்வாஸ், தகடு, தாள், படங்களை ஊருக்கு ஊர் பார்சல் செய்வது. வீட்டுக்கு அனுப்பும் பத்தாயிரம் இரண்டு வருடம் நின்றால் என்ன ஆகும் என்பதை அப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள், யூகிக்காதீர்கள். ஒரு பகுதியையாவது அனுப்ப வேண்டும் என்றால், மாதம் ஓரிரு ஃப்ரீலான்ஸ் வேலைக்கு உங்கள் இப்போதைய தொழில் கைகொடுக்கும். அதற்கு மேல் எடுத்தால் படிப்பு கெட்டுவிடும். மத்திய கலாச்சார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு இரண்டு வருடம், மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. காட்சிக் கலைகளும் அதில் உண்டு. வயது வரம்பு 18 முதல் 25 வரை. அறிவிப்பில் எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பதை உடனே பாருங்கள், உங்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பாக இருக்கலாம்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவராக இருந்தால், நம் மாநிலத்தின் பிசி அல்லது எம்பிசி சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. மத்திய அரசுப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி சான்றிதழ், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை என்ற குறிப்போடு, வட்டாட்சியரிடம் வாங்க வேண்டும். அந்தந்த நிதியாண்டுக்குப் புதிதாகக் கேட்பார்கள். இதற்காகக் கடைசி வாரத்தில் ஆத்தூருக்கு ஓடியலைய வேண்டாம். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சியுஇடி–பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது, சிலவற்றில் செய்முறைத் தேர்வும் நேர்காணலும் தனி. விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் போன வருடம் சேர்ந்தவர் சொன்னதை மட்டும் நம்பாமல் டிசம்பரிலிருந்தே இணையதளங்களைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

அம்மாவின் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். படங்கள் விற்று வாழலாம் என்று அவரிடம் சொல்லாதீர்கள். சிலருக்கு அமையும், பலருக்குப் பல வருடம் அமையாது. நிலையான வழி கற்பிப்பது. 55 சதவீதத்துடன் முதுகலை முடித்து, யுஜிசி நெட் என்ற தகுதித் தேர்வில் காட்சிக் கலை தாளில் தேறினால் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி. நெட் வருடத்துக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் என்பது வழக்கம். அரசுக் கல்லூரி இடங்கள் குறைவு, நியமனம் தாமதமாகும். வடிவமைப்புக் கல்லூரிகள், சர்வதேசப் பள்ளிகள், அருங்காட்சியகங்களின் கல்விப் பிரிவு என்று வேறு கதவுகளும் இருக்கின்றன. உங்களிடம் மூன்று வருட டிஜிட்டல் அனுபவம் இருப்பதால், எல்லாம் தவறினாலும் இப்போது வாங்கும் சம்பளத்துக்கு ஒரு வேலை கிடைக்கும் என்பதை அம்மாவிடம் உறுதியாகச் சொல்லலாம். அவர் கவலைப்படுவது உங்கள் சோற்றைப் பற்றி. அதற்கு நேராகப் பதில் சொன்னால் மற்றதைக் காது கொடுத்துக் கேட்பார். முடிந்தால் அந்த ரயில் படங்களை ஒருமுறை அவரிடம் காட்டுங்கள். டிபன் பையைப் பிடித்துக்கொண்டு தூங்குவது எப்படியென்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

விண்ணப்பம் போடும் முன் ஓரிடத்தையாவது நேரில் போய்ப் பாருங்கள். நந்தலால் போஸின் பிறந்தநாளையொட்டி, டிசம்பர் 1, 2 தேதிகளில் கலா பவனத்தில் நந்தன் மேளா நடக்கும். மாணவர்களும் ஆசிரியர்களும் செய்த பொருட்களையும் படங்களையும் விற்று, வரும் பணத்தை மாணவர் நல நிதிக்குக் கொடுப்பார்கள். விடுப்பு எடுத்துப் போய்வாருங்கள். அங்கே ஆசிரியர்களை வணங்கிவிட்டு வருவதைவிட முக்கியம், இரண்டாம் ஆண்டு முதுகலை மாணவர்கள் நாலு பேரிடம் பேசுவது. ஸ்டுடியோ ராத்திரி எத்தனை மணிவரை திறந்திருக்கும், பெண்களுக்கும் அதே நேரம்தானா, ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை முறை வந்து படத்தைப் பார்க்கிறார், எச்சிங் பிரஸ் ஓடுகிறதா, விடுதியில் எல்லோருக்கும் இடம் கிடைக்கிறதா, போன வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள். இவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். பரோடாவுக்கும் ஹைதராபாத்துக்கும் போக முடியாவிட்டால், உங்கள் கல்லூரியிலிருந்து அங்கே போன சீனியர்களிடம் இதே கேள்விகளைப் போனில் கேளுங்கள்.

அன்புடன்.